மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்றாவது மாதம். இடது காலும் கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டுதான் இருந்தன, ஆள்தான் தேறவில்லை. காலையில் எழுப்பி காபி கொடுத்தால் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். திருநெல்வேலி - தென்காசி ரூட்டில் 32 வருடம் கண்டக்டராக ஓடியவர், வண்டிக்குள் அவர் குரல்தான் பெரிசாகக் கேட்கும் என்பார்கள். அந்த மனுஷர் நாள் முழுக்கப் பேசியதை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலைமை.

ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள்: "தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிரும்." நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், நாளைக்கு நாலு தடவை. அதனால் காலணா பிரயோஜனம் இல்லை என்று எனக்குப் புரியவே இரண்டு மாதம் ஆனது.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதியிருந்தார். அதை நாங்கள் நிறுத்தவில்லை, நீங்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். இங்கே நான் எழுதுவது, இப்படி வருகிற மனச்சோர்வுக்கு மாத்திரை தவிர வீட்டில் நாமே செய்யக்கூடிய காரியங்களைப் பற்றி. இவற்றில் பலவற்றை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், வாட்ஸப் வைத்தியம் இல்லை. நான் பார்த்தது பக்கவாதம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். டயாலிசிஸ், இதய நோய், புற்றுநோய், இடுப்பு எலும்பு முறிவு என்று நாள்பட்டுப் படுத்திருக்கும் யாருக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் இது மனச்சோர்வுதானா?

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அவ்வளவு சகஜம். ஆனால் மனச்சோர்வு மாதிரியே தெரிகிற வேறு சிலதும் இருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் இறங்கினால் உழைப்பு வீண்.

ஒன்று, அழுகை. யாராவது வாசலில் வந்து நின்றாலே அப்பா குபீரென்று அழுவார், ஒரு நிமிஷத்தில் நின்றுவிடும், அப்புறம் அவரே வெட்கப்பட்டு முகத்தைத் துடைத்துக்கொள்வார். வந்தவர்கள் கட்டிப்பிடித்துத் தாங்களும் அழுது வீட்டை இழவு வீடாக்கிவிட்டுப் போவார்கள். மூளையில் உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பாதை அடிபட்டால் துக்கம் இல்லாமலே அழுகையோ, சந்தோஷம் இல்லாமலே சிரிப்போ இப்படிப் பொத்துக்கொண்டு வரும் என்று நரம்பியல் டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் கூட்டம் கூடாமல், ஒன்றும் நடக்காத மாதிரி பேச்சை மாற்றினால் சீக்கிரம் அடங்குகிறது. ரொம்ப அடிக்கடி வந்தால் அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று உடம்பு. பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள் வலி, மலச்சிக்கல், பேட்டரி தீர்ந்துபோன காது மெஷின், ராத்திரி குறட்டையில் மூச்சு நின்று நின்று வருவது, தைராய்டு, பி12 குறைவு, இவற்றில் எது இருந்தாலும் ஆள் சுருண்டு படுப்பார். மனசுக்கு வைத்தியம் பார்க்கும் முன்னால் இதையெல்லாம் ஒரு தடவை கேட்டு, பார்த்து, டெஸ்ட் எடுத்துவிடுங்கள். ஒரே நாளில், இரண்டே நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால், ஆள் அடையாளம் மறந்தால், அது மனச்சோர்வு இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.

அளந்து பார்க்க பி.எச்.க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, தமிழிலும் கிடைக்கும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை, நமக்கு இது ஒரு தராசு மட்டும்தான். மாதம் ஒரு முறை போட்டுப் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னையே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றுகிறதா என்று கேட்கும். அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று எல்லாருக்கும் பயம், அப்படி ஆவதில்லை. கேட்டால் பாரம் இறங்குகிறது. "ஆமாம்" என்று பதில் வந்தால் மாத்திரை டப்பாவையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள், ஆளைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு (டெலி மானஸ்) எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். நிலைமை கையை மீறிப் போகிற மாதிரி இருந்தால் போனில் நேரத்தைக் கழிக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

இதுதான் நான் சொல்ல வந்ததில் பெரிய பகுதி.

மனசு சரியானால் எழுந்து நடமாடுவார் என்று நாம் காத்துக்கொண்டிருக்கிறோம். விஷயம் தலைகீழ். ஒன்றும் செய்யாமல் படுத்திருப்பதால் அந்த நாளில் நல்லது என்று சொல்ல ஒன்றுமே நடப்பதில்லை, அதனால் மனசு இன்னும் இறங்குகிறது, இறங்கியதால் மேலும் படுக்கிறார். செக்கு மாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும். பீட்டர் லெவின்சோன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் இந்தச் சுற்றைப் பற்றி எழுதினார், அதிலிருந்து வளர்ந்த சிகிச்சைக்கு பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று பெயர். பெயர்தான் வாயில் நுழையாது, உள்ளே இருப்பது ரொம்ப எளிது: மனசு வராவிட்டாலும் சின்னதாக ஒரு காரியத்தை முதலில் செய், மனசு பின்னால் வரும்.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு இருந்த 495 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்கத் என்ற தொண்டு அமைப்பும் செய்தது, 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இந்த வழிச் சிகிச்சையைக் கொடுத்தவர்கள் டாக்டர்களோ உளவியலாளர்களோ இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆட்கள். ஆறு முதல் எட்டு சந்திப்புகள்தான். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள். நம் ஊர் மாதிரி இடத்தில், நம்மைப் போன்ற ஆட்களை வைத்தே நடந்தது என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை வந்தது.

செய்கிற விதம் இப்படி. முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். எண்பது பக்க நோட்டு ஒன்றில் மணிக்கு ஒரு முறை, அவர் என்ன செய்துகொண்டிருந்தார், அப்போது மனசு பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். அவ்வளவுதான். அப்பா மார்க் போட மாட்டேன் என்றார். "என்னத்த மார்க்கு? நா என்ன பரிச்சையா எழுதுதேன்?" சரி, மார்க் வேண்டாம், வண்டியில் எத்தனை டிக்கெட் என்று சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "காலி வண்டி" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு அளவுகோல் அதுதான். காலி வண்டி, கால் வண்டி, அரை வண்டி, ஃபுல் சீட்டு, ஸ்டாண்டிங். உங்கள் வீட்டில் அவர் பிழைப்புக்கு ஏற்ற மாதிரி ஏதாவது கண்டுபிடியுங்கள். வயல்காரருக்குக் கிணற்றுத் தண்ணீர் மட்டம், சமையல்காரருக்கு அடுப்புத் தீ.

ஒரு வாரத்தில் நோட்டு பேச ஆரம்பித்துவிடும். அப்பா நாள் பூரா ஒரே மாதிரி இருக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பார்த்தால் அப்படி இல்லை. காலை ஆறு மணிக்குப் பால்காரர் வருகிற நேரமும், சாயங்காலம் நாலரைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கூல் விட்டு வருகிற நேரமும் கால் வண்டி, அரை வண்டி. பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டு, டிவியில் சீரியல் மட்டும் ஓடிக்கொண்டிருந்த நேரம், சுத்தமாகக் காலி. எங்கே கை வைக்க வேண்டும் என்று அதுவே காட்டிக் கொடுத்துவிட்டது.

அடுத்த வேலை, நோய்க்கு முன்னால் அவர் தன் விருப்பத்துக்குச் செய்துகொண்டிருந்தவற்றைப் பட்டியல் போடுவது. நமக்கு நல்லது என்று படுவதை எழுதக் கூடாது. நான் தியானம், திருவாசகம் என்று எழுதிவைத்தேன், அவர் வாழ்நாளில் தியானம் பண்ணியதே இல்லை! அவருடைய பட்டியலில் முதலில் இருந்தது முக்குக் கடையில் டீ. வீட்டிலிருந்து இருநூறு அடி எடுத்து வைத்தால் வந்துவிடும், ஆனால் அன்றைய நிலையில் அது அமெரிக்கா.

அதை உடைத்தோம். முதல் மூன்று நாள் வாசலில் நாற்காலி போட்டு, அங்கே டீ. அடுத்த வாரம் வாக்கரைப் பிடித்துக் கேட் வரை. அப்புறம் கரண்டுக் கம்பம் வரை போய்த் திரும்புவது. டீக்கடை பெஞ்சில் உட்கார ஐந்து வாரம் ஆனது. அவர் கூட வண்டி ஓட்டிய டிரைவர் ஒருத்தர் அங்கே இருந்தார், "என்ன வே, எப்ப டூட்டிக்கு வாரீரு?" என்று கேட்டார். அன்றைக்கு நோட்டில் என்ன எழுதினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

உடைக்கும்போது, இவ்வளவு செய்வார் என்று உங்களுக்குத் தோன்றுவதில் பாதியை வையுங்கள். அதையும் பாதியாக்கினால் இன்னும் நல்லது, தோற்கவே முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். நேரத்தைக் குறித்துவிடுங்கள்; "மனசு இருந்தா போவோம்" என்றால் போகவே மாட்டீர்கள், "நாலரைக்கு" என்றால் போவீர்கள். ஒரு நாள் முடியவில்லையா, திட்டாதீர்கள், என்ன தடுத்தது என்று நோட்டில் எழுதிவிட்டு மறுநாள் இன்னும் சின்னதாக வையுங்கள். செய்து முடித்ததும் குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி "சமத்து" என்று கை தட்டவும் வேண்டாம், அறுபது வயசு மனுஷருக்கு அதைவிட அவமானம் இல்லை.

பட்டியலில் சந்தோஷம் தருவது மட்டும் இருந்தால் போதாது, பயன் உள்ளதும் வேண்டும். தான் ஒரு சுமை என்ற நினைப்புதான் படுத்திருப்பவரை அரிக்கிறது. பிசியோதெரபிஸ்ட் கைக்கு ஒரு மஞ்சள் ஸ்பாஞ்சுப் பந்து கொடுத்திருந்தார், அமுக்கி அமுக்கி விட வேண்டும், அது கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. கண்டக்டர் டிக்கெட் கட்டைப் பிடிப்பது இடது கையில், கிழிப்பது வலது கையில். மெஷின் வருவதற்கு முன்னால் அப்பா அப்படி லட்சக்கணக்கில் கிழித்திருப்பார். பழைய நோட்டுத் தாளை டிக்கெட் அளவுக்கு வெட்டித் தைத்து ஒரு கட்டு செய்து கொடுத்தேன். ஒரு நாள் முழுக்க அதைத் தொடவில்லை. மறுநாள் நாலரைக்குப் பையன் வந்து "தாத்தா, ஆலங்குளம் ஒண்ணு" என்றான். கட்டை விரல் நடுங்க, டிக்கெட் கட்டை நழுவ விட்டு, எடுத்து, மறுபடியும் பிடித்து, கட்டை விரலால் அழுத்தி வைத்துக்கொண்டு ஒரு தாளைக் கிழித்தார். அந்தச் சாயங்காலம் பதினோரு டிக்கெட் போனது. பிசியோதெரபிஸ்ட் கேட்டதும் சிரித்துவிட்டு, பந்து வேண்டாம் இதையே செய்யுங்கள் என்றார்.

விளையாட்டோடு நிஜ வேலையும் வேண்டும். முருங்கைக்கீரை உருவுவது, பால் கணக்கு எழுதுவது, கேஸ் புக் பண்ணுவது, ரேஷன் கடையில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று போன் பண்ணிக் கேட்பது. அவர் செய்யாவிட்டால் அந்த வேலை நிற்க வேண்டும், நீங்கள் பின்னாலேயே போய்ச் செய்துவைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இரண்டு நாள் கேஸ் இல்லாமல் ஹோட்டலில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம், பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. இதயம் பலவீனமாக இருப்பவர்கள், கீமோ போட்டுக்கொள்பவர்கள், இவர்களுக்கு எவ்வளவு அலைச்சல் தாங்கும் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். டயாலிசிஸ் நாளில் எதையும் வைக்காதீர்கள், அன்றைக்கு ஆள் பிழிந்த துணி மாதிரி இருப்பார்.

பாட்டு

2008இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஒரு ஆய்வு வந்தது, பக்கவாதம் வந்து கொஞ்ச நாளே ஆனவர்களை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினமும் பாட்டு, ஒரு பிரிவுக்கு ஒலிப்புத்தகம், ஒரு பிரிவுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் தினம் ஒரு மணி நேரமாவது கேட்டார்கள். பாட்டுக் கேட்டவர்களுக்கு வார்த்தை ஞாபகமும் கவனமும் நன்றாகத் திரும்பின, ஒன்றும் கேட்காதவர்களைவிட மனச்சோர்வும் குறைவாக இருந்தது. மொத்தமே அறுபது பேர்தான், அதனால் இதைப் பெரிய சத்தியம் என்று தலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் செலவும் இல்லை, பக்கவிளைவும் இல்லை.

கவனிக்க வேண்டியது, அந்தப் பாட்டுகளை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். நாம் என்ன செய்கிறோம், நோயாளி என்றதும் பக்திப் பாட்டைப் போட்டுவிடுகிறோம். காலையில் ஒரு கேசட் சாமி பாட்டு ஓடினால் அப்பா முகம் சுண்டிவிடும், சாவு வீட்டு ஞாபகம் வருகிறது என்று அப்புறம்தான் சொன்னார். அவருக்கு வேண்டியிருந்தது எண்பதுகளில் தனியார் பஸ்ஸில் அலறிய சினிமாப் பாட்டும், கோயில் கொடையில் அடிக்கிற நையாண்டி மேளமும். இருபதிலிருந்து இருபத்தைந்து வயது வரை அவர் என்ன கேட்டார் என்று விசாரியுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். காலி வண்டி நேரத்தில் போடுங்கள். டிவியை அணைத்துவிட்டுப் போடுங்கள், இரண்டும் சேர்ந்து ஓடினால் வெறும் இரைச்சல்.

பழைய கதை

ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963இல், வயதானவர்கள் பழங்கதை பேசுவது மூளை மழுங்கியதன் அடையாளம் இல்லை, வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்கு முடிக்கிற இயல்பான வேலை என்று எழுதினார். அதிலிருந்து நினைவுகளை மீட்கும் சிகிச்சைகள் வளர்ந்தன. கனடாவில் ஹார்வி சோச்சினோவ் என்ற மனநல மருத்துவர், சாவை நெருங்கியவர்களிடம் சில கேள்விகளைக் கேட்டு, பதிலைப் பதிவு செய்து, எழுதித் திருத்தி, குடும்பத்துக்கு விட்டுச்செல்கிற ஒரு ஏடாகக் கொடுக்கும் முறையை உருவாக்கினார்.

வீட்டில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பொருள் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பதுதான் நல்ல வழி. "உங்க காலத்துல எப்படிப்பா இருந்துச்சு?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடிந்துவிடும். நான் விசிலைக் கையில் கொடுத்துவிட்டு, பேட்டையிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஜாகச் சொல்லுங்கள் என்றேன். பேட்டை, சீதபற்பநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று இறங்க இறங்க ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஆள் ஏறினார், கூடையோடு ஒருத்தி, சில்லறை தராமல் ஏமாற்றிய வாத்தியார் ஒருத்தர், தென்காசி வர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. போனில் பதிவு செய்து வைத்தேன், அவருக்குத் தெரியும்படிதான்.

கசப்பான இடமும் வரும். வண்டி ஒரு தடவை ஆளை அடித்த கதை இருக்கிறது, அதற்குக் கிட்ட வந்ததும் அப்பா நிறுத்திவிட்டார். தோண்டாதீர்கள். பெரிய அதிர்ச்சிகளைக் கிளறுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

கட்டிலைத் திருப்பிப் போடுங்கள்

பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களின் பழைய பதிவேடுகளை எடுத்து, ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் ராஜர் உல்ரிச் ஒப்பிட்டார், 1984இல் சயன்ஸ் இதழில் வந்தது. மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே வாங்கினார்கள். நம் வீடுகளில் நோயாளியின் கட்டில் எங்கே இருக்கும்? பின்னறையில், பீரோவுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து. எங்கள் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பினார் என்று வருத்தப்பட்டேனே, மூன்று பக்கமும் சுவர்தான் இருந்தது. முன்னறைக்கு மாற்றி, தெரு தெரிகிற மாதிரி போட்டதற்கு அரை மணி நேரமும் இரண்டு ஆளும்தான் செலவு.

காலை வெயிலில் இருபது, முப்பது நிமிஷம் உட்கார வைத்தால் ராத்திரித் தூக்கமும் சேர்ந்து ஒழுங்குக்கு வரும். எழும் நேரத்தை மாற்றாதீர்கள், பகல் தூக்கத்தை அரை மணிக்குள் நிறுத்துங்கள். படபடப்பு வந்தால் மூச்சை மெதுவாக்கினால் கேட்கும், நிமிஷத்துக்கு ஆறு மூச்சு கணக்கு, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது கொஞ்சம் நீளமாக. மூச்சைப் பிடித்து அடக்கச் சொல்லாதீர்கள், பிபி இருப்பவர்களுக்கு அது வேண்டாம்.

புத்தி சொல்லாமல் கேட்பது

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர்கள் ரொம்பக் குறைவு. டிக்சன் சிபண்டா என்ற மருத்துவர் 2006இல் ஹராரேயில், பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆஸ்பத்திரிக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார வைத்தார். மனசு கஷ்டப்படுகிறவர் வந்து பக்கத்தில் உட்காருவார். அவர்கள் ஊரில் இந்த நோய்க்குச் சொல்கிற வார்த்தைக்கு "அதிகமாக யோசிப்பது" என்று அர்த்தம். நம் வீட்டிலும் அதைத்தானே சொல்கிறோம், "ஓவரா யோசிக்காதீங்க". வித்தியாசம், அந்தப் பாட்டி யோசிக்காதே என்று சொல்வதில்லை. என்னென்ன பிரச்சினை என்று எல்லாவற்றையும் சொல்ல விட்டு, அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு என்ன செய்யலாம் என்று வந்தவரையே சொல்ல வைத்து, ஒரு வழியை முயன்று பார்த்துவிட்டு வரச் சொல்வார். இதையும் முறையாகச் சோதித்து, பலன் இருக்கிறது என்று 2016இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

நான் இதை அப்பாவிடம் செய்து பார்த்த அன்றைக்குத்தான், அவர் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை என்பதே தெரிந்தது. ராத்திரி ஒண்ணுக்கு வந்தால் அம்மாவை எழுப்ப வேண்டும், அம்மாவுக்கு முட்டி வலி, எழுப்பாமல் போனால் விழுந்துவிடுவோம் என்று பயம். விழித்தே கிடப்பார். தூக்கம் இல்லாததையும் எரிச்சலையும் நாங்கள் மனச்சோர்வுக் கணக்கில் எழுதிவைத்திருந்தோம். என்ன பண்ணலாம் என்று அவரையே கேட்டேன். "ஒரு யூரின் பாட்டில் வாங்கி வையி, ஜீரோ வாட்ஸ் பல்பு ஒண்ணு போடு" என்றார். இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

பேசும்போது அவர் முடிக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள், பத்து வினாடி மௌனம் வந்தால் வரட்டும், நிரப்பாதீர்கள். "மத்தவங்களப் பாருங்க, உங்களுக்கு எவ்வளவோ பரவாயில்ல" என்ற வாக்கியத்தை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். வருகிற உறவுக்காரர்களிடமும் கறாராகச் சொல்லிவிடுங்கள், ஆப்பிளுக்குப் பதில் அரை மணி நேரம் சீட்டாடிவிட்டுப் போகச் சொன்னேன், இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், ஒரு மாமா மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார்.

பார்த்துக்கொள்கிறவருக்கும் வாரத்தில் ஒரு அரை நாள் வெளியே போக வேண்டும். அம்மாவை அனுப்பத்தான் எனக்குப் பெரும்பாடு. அந்த ஒன்பது கேள்வியை அவருக்கும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், பன்னிரண்டு வந்தது. அப்பாவைப் பார்த்த டாக்டரிடமே அவரையும் காட்டினோம்.

எத்தனை நாள் பார்ப்பது

ஆறிலிருந்து எட்டு வாரம் கொடுங்கள். அத்தனையையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம், நோட்டும் ஒரே ஒரு காரியமும் போதும், பிடித்துக்கொண்டதும் அடுத்தது. எட்டு வாரம் கழித்தும் மதிப்பெண் அப்படியே இருந்தாலோ நடுவில் ஏறினாலோ, நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். வாயால் சொல்வதைவிட நோட்டு அவருக்கு உதவும். அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாரில் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்டைப் பார்ப்பதானால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. கவுன்சலிங் என்று போர்டு வைத்திருக்கிற எல்லாருக்கும் அது இருக்காது. நாங்கள் முதலில் போன இடத்தில் பாதி நேரம் ஜாதகம்தான் பார்த்தார்கள். கிராமப்பக்கம் இருப்பவர்கள் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வர ஏற்பாடு செய்யலாம், அதில் வீட்டுக்கு வருகிற செவிலியரிடம் மனசைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அப்பாவுக்கு இப்போதும் சுவர்ப் பக்கம் திரும்புகிற நாள் வரும், மாதத்தில் நாலைந்து. அன்றைக்கு டீக்கடை கிடையாது, வாசல் நாற்காலிதான். நேற்று ராத்திரி நோட்டோடு போய் எத்தனை டிக்கெட் என்று கேட்டேன். "அர வண்டிதான், பாவூர்சத்திரத்துல கொஞ்சம் ஏறும்" என்றார்.